கடலூரில் ஒரு கீச்: பேட் மாற்றியும் டிஸ்க் கடைந்தும் அடங்காத பிரேக்

வண்டியின் உரிமையாளருக்கு வீடு கடலூர் தேவனாம்பட்டினம் சாலையில். வேலை புதுச்சேரி முதலியார்பேட்டையில். போக வர தினமும் 44 கி.மீ. வண்டி 2016 மாடல் சின்ன பெட்ரோல் ஹேட்ச்பேக். முன்னால் இரண்டு தகடுகளுக்கு நடுவே காற்று புகும் டிஸ்க், பின்னால் டிரம். ஷெட் இல்லை, வாசலில்தான் நிற்கும். கழுவுவது வீட்டு போர் தண்ணீரில். நாக்கில் வைத்தால் கரிக்கும் தண்ணீர்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறியது. அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை வெள்ளமும் கடலூருக்குள் வந்தது. இந்த வண்டிக்கு எஞ்சினில் தண்ணீர் ஏறவில்லை. ஆனால் பாதிச் சக்கரம் வரை நீர் நின்றது. வடிந்த பிறகும் எடுக்காமல் மொத்தம் 11 நாள் ஒரே இடத்தில் கிடந்தது. ஜனவரி தொடக்கத்தில், மீட்டரில் 61,400 கி.மீ. ஓடியிருந்தபோது, முன் இடப்பக்கச் சக்கரத்தில் கீச் சத்தம் ஆரம்பித்தது. வேகத்தில் கேட்காது. சிக்னலில் நிற்கப் போகும்போது, 20 கி.மீ.க்குக் கீழே, பெடலை மெல்ல மிதித்தால் மட்டும் கத்தும்.

முதல் பட்டறையில், டிஸ்க்கை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் முன் பேட் நான்கும் மாற்றி, டிஸ்க்கை உப்புத்தாளால் தேய்த்துக் கொடுத்தார்கள். 18 நாள் அமைதி. பிறகு அதே கீச், அதே சக்கரம். "கடக்காத்து சார், இப்படித்தான் கத்தும்" என்று பதில் வந்தது. அது பாதி உண்மை, அதனால்தான் ஆபத்தான பதில். மார்ச்சில் இரண்டாவது பட்டறை டிஸ்க் இரண்டையும் கழற்றி லேத்தில் போட்டுக் கடைந்து மாட்டியது. சத்தம் குறைந்தது, போகவில்லை. கூடவே புதிதாக ஒன்று வந்து சேர்ந்தது: ஏழு வாரத்தில், ஏறக்குறைய 1,800 கி.மீ. ஓடியபின், 70-80 வேகத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் கையில் நடுங்கியது. இரண்டு பட்டறைக்கும் சேர்த்து 4,500 ரூபாய் போயிருந்தது. ஜூனில், 67,000 கி.மீ.யில், வீட்டு வாசலிலேயே முழுதாகக் கழற்றி அளந்து பார்க்கப்பட்டது. அந்த வேலையின் விவரம்தான் இது.

சத்தத்தைக் கேட்டே பாதி தெரியும்

பிரேக்கில் எழும் எல்லாச் சத்தமும் கீச் அல்ல. காலையில் முதல் இரண்டு மூன்று மிதிக்கு மட்டும் "கர்ர்" என்று வந்து மறைந்தால், இரவுப் பனியில் டிஸ்க்மேல் பூத்த துருவைப் பேட் சுரண்டுகிறது என்று பொருள். டிஸ்க் சாம்பல்நிற வார்ப்பிரும்பு. ஈரம் பட்டால் ஒரே இரவில் செம்பூச்சு பூசிக்கொள்ளும். அதற்கு வைத்தியம் தேவையில்லை. பிரேக் பிடிக்காதபோதே சக்கரத்தோடு சேர்ந்து "கீ… கீ…" என்று சுற்றிச்சுற்றி வந்தால், பேட்டில் வைத்த எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கைத் தொட்டுவிட்டது, அல்லது டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் மண்தடுப்புத் தகட்டில் சிறு கல் மாட்டியிருக்கிறது. எச்சரிக்கைத் தகடு தொடும் நேரத்தில் பேட்டில் 2 முதல் 3 மி.மீ. சரக்குதான் மிச்சம் இருக்கும். இரும்போடு இரும்பு உரசும் "கரகர" என்றால் அன்றைக்கே வண்டியை நிறுத்திவிட வேண்டும். பள்ளத்தில் இறங்கும்போது "டக் டக்" என்றால் பேட் கிளிப்போ, பேட்டை அழுத்தும் காலிப்பரின் பின்னோ தளர்ந்திருக்கிறது.

மெல்ல மிதிக்கும்போது வரும் மெல்லிய கீச்சுதான் ஏமாற்றும். பேட் டிஸ்க்கை ஒட்டிப் பிடிக்கிறது, வழுக்குகிறது, மறுபடி ஒட்டுகிறது. நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை. வயலின் வில் தந்தியை இழுப்பது போலத்தான். பேட் இறுக்கமாகவும் நேராகவும் உட்கார்ந்திருந்தால் அந்த அதிர்வு அங்கேயே அடங்கிவிடும். சாய்ந்து, ஒரு முனை மட்டும் அழுத்தி நின்றால் அதிர்வு பாடத் தொடங்கும். அதனால் கீச்சுக்குப் புதுப் பேட் போடுவது, எய்தவன் இருக்க அம்பை நோவது. புதுப் பேட்டும் சாயத்தான் போகிறது. சாய வைப்பது எது என்பதே கேள்வி.

இன்னொன்று. சத்தம் நிற்க வேண்டும் என்று டபிள்யூ.டி.-40 அல்லது எண்ணெய் எதையாவது டிஸ்க்கில் அடிப்பவர்கள் உண்டு. சத்தம் உடனே நிற்கும். பிரேக் பிடிக்காததால் நிற்கிறது. டீசலிலும் மண்ணெண்ணெயிலும் துணி நனைத்து டிஸ்க்கைத் துடைப்பதும் இதே கதைதான். எண்ணெய்ப் பசை பேட்டுக்குள் ஊறிவிட்டால் அந்தப் பேட்டைத் தூக்கிப் போடுவதைத் தவிர வழி இல்லை.

தூக்கி நிறுத்துதல்

கடற்கரைப் பக்கத்து வாசல்கள் மணல். ஜாக்கியை நேரே மணலில் வைத்தால் ஒரு பக்கம் புதைந்து சாயும். ஒன்றரை அங்குலத் தடிப்புள்ள, இரண்டு அடிக்குக் குறையாத பலகைமேல் ஜாக்கியும், இன்னொரு பலகைமேல் ஜாக்கி ஸ்டாண்டும் வைக்கப்பட்டன. ஸ்டாண்டுக்குப் பதில் செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ வைக்கவே கூடாது. பிளாக் எந்த அறிவிப்பும் இல்லாமல் நொறுங்கும். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல், ஹேண்ட் பிரேக் மேலே, கியர் நியூட்ரலில். சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளைக் கால் சுற்றுத் தளர்த்திக்கொண்டால் பிறகு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

பிரேக் தூசியை வாயால் ஊதவோ ஏர் அடிக்கவோ கூடாது. பழைய பேட்டில் கல்நார் இருக்கக்கூடும். பிரேக் கிளீனர் அடித்தோ, ஈரத்துணியாலோ எடுப்பதுதான் முறை.

காலிப்பரைக் கழற்றியதும் அதைப் பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் கட்டுக்கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டிவிட வேண்டும். ஹோஸின் உள்சுவர் மடங்கிக் கிழிந்தால் வெளியே எதுவும் தெரியாது. ஆயில் போகும், திரும்பி வராது, அந்தச் சக்கரம் பிடித்தபடியே இருக்கும்.

பேட் சொன்ன சாட்சி

ஐந்து மாதமே ஆன பேட். புதிதில் சரக்கு 10 மி.மீ. வலப்பக்கம் உள்பேட், வெளிப்பேட் இரண்டும் மேலும் கீழும் ஒரே மாதிரி 8.5. இடப்பக்கம்:

உள்பேட்: மேல் முனை 7.5, கீழ் முனை 4.0
வெளிப்பேட்: மேல் முனை 8.0, கீழ் முனை 5.0

ஆப்பு மாதிரி தேய்ந்திருந்தது. வழக்கைத் தீர்த்தது இந்த நான்கு எண்கள்தான். இரண்டு பட்டறைகளும் பேட்டைக் கையில் எடுத்திருக்கின்றன. முனைக்கு முனை அளந்திருந்தால் அன்றே முடிந்திருக்கும். குறைந்தபட்சம் இரண்டாவது பட்டறை.

இந்த வகைக் காலிப்பருக்குப் பிஸ்டன் ஒரே பக்கம். பிஸ்டன் உள்பேட்டைத் தள்ளும். எதிர்விசையில் காலிப்பர் முழுதும் இரண்டு பின்களின் மேல் நழுவி வெளிப்பேட்டை இழுக்கும். மேல் பின், கீழ்ப் பின் இரண்டும் விரலால் தள்ளினால் வெண்ணெயில் கத்தி போலப் போய் வர வேண்டும். இதில் மேல் பின் அப்படியே நழுவியது. கீழ்ப் பின் அசையவில்லை. தலையில் ஸ்பானர் போட்டு இப்படியும் அப்படியும் திருகித் திருகித்தான் வெளியே வந்தது. பின்னைத் தூசி, தண்ணீர் படாமல் மூடும் ரப்பர் பூட்டில் அரை அங்குலக் கிழிசல். உள்ளே கிரீஸ் இருந்த இடத்தில் செம்பழுப்புக் களி. பின்மேல் குழி குழியாகத் துரு. ஒரு பின் நழுவ, மற்றது மறுக்க, ஒவ்வொரு மிதிக்கும் காலிப்பர் கோணிக்கொண்டது. காலை எடுத்த பிறகும் கீழ் முனை முழுதாக விலகாமல் உரசிக்கொண்டே போனது.

வண்டியின் இடப்பக்கம் கடலைப் பார்த்து நின்றதால்தான் அந்தப் பக்கம் கெட்டது என்பது உரிமையாளரின் எண்ணம். அப்படி இல்லை. கிழிந்த பூட் இடப்பக்கம் இருந்தது, அவ்வளவே. ஆனால் கிழிசலுக்குள் போனது உப்புத் தண்ணீர் என்பதில்தான் கடலின் பங்கு இருக்கிறது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே தானாக நீரை இழுத்துக் கரையும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதைவிட மிகக் குறைந்த ஈரத்திலேயே கசியும். ஆகவே கடலோர ஊரில் உலோகத்தின் மேல் படிந்த உப்பு மழை இல்லாத நாளிலும் ஈரமாகவே இருக்கும். போர் தண்ணீரில் சக்கரத்தைக் கழுவுவது அந்த உப்பைக் கையாலேயே ஊற்றுவது.

துருப்பிடித்த பின்னைத் தேய்த்துப் பளபளப்பாக்கி மறுபடி போடலாமா? குழி விழாமல் மேலே நிறம் மட்டும் மாறியிருந்தால் போடலாம். குழி விழுந்துவிட்டால் அதில் ஈரம் தங்கும். ஆறு மாதத்தில் மறுபடி இதே வேலை. இங்கே புதுப் பின்னும் பூட்டும் போடப்பட்டன. காலிப்பர் பிராக்கெட்டில் பின் போகும் துளையை, துணி சுற்றிய கம்பியும் பிரேக் கிளீனரும் கொண்டு, துணி வெள்ளையாக வெளியே வரும்வரை சுத்தம் செய்ய வேண்டும். துளையில் களி மிஞ்சினால் புதுப் பின்னுக்கும் பழைய கதிதான்.

கிரீஸ் விஷயத்தில் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். கடையில் டப்பாவில் கிடைக்கும் மஞ்சள் கிரீஸ், பேரிங் கிரீஸ் எல்லாம் பெட்ரோலிய எண்ணெய். பிரேக் ரப்பர் அதில் ஊறி வீங்கும். சில காலிப்பர்களில் ஒரு பின்னின் நுனியில் ரப்பர் உறை இருக்கும். அது வீங்கினால் பின் துளைக்குள் கார்க் மாதிரி அடைத்துக்கொள்ளும். புதிதாகக் கிரீஸ் போட்ட காலிப்பர் பின் இரண்டே மாதத்தில் இறுகியது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். சிலிகான் கிரீஸ், அல்லது பிரேக் பின்னுக்கென்றே வரும் செயற்கை கிரீஸ் மட்டும். ஒரு பின்னுக்கு ஒரு பட்டாணி அளவு போதும். துளையை நிரப்பினால் உள்ளே காற்று அடைபட்டு, பின் உள்ளே போகாமல் திரும்பத் தள்ளும். ரப்பர் உறை உள்ள பின் மேலேயா கீழேயா என்பதைக் கழற்றும்போதே போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

நடுக்கம் எங்கிருந்து வந்தது

கீச்சுக்குப் பதில் கிடைத்தாயிற்று. ஸ்டீயரிங் நடுக்கம் தனி வழக்கு. அதன் வேர் மார்ச் மாத லேத் வேலையில் இருந்தது. கடைந்தது தவறில்லை. கடைந்ததை மாட்டிய இடம் தவறு.

டிஸ்க்கின் தடிமனை எட்டு இடத்தில், வெளி விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே, மைக்ரோமீட்டரால் அளந்தார்கள். இடப்பக்கம் மிகக் குறைந்தது 15.30, மிக அதிகம் 15.34. வலப்பக்கம் எட்டும் 15.52-க்கும் 15.53-க்கும் நடுவே. 0.04 மி.மீ. என்பது தலைமுடியைவிட மெலிது. ஆனால் 0.02-ஐத் தாண்டினாலே கால் பெடலில் தெரியும். தடித்த இடம் பேட்டுக்குள் வரும்போதெல்லாம் பிஸ்டன் பின்தள்ளப்படுகிறது, மெலிந்த இடத்தில் தளர்கிறது, அதுதான் நடுக்கம். "டிஸ்க் வளைந்துவிட்டது" என்று எல்லோரும் சொல்வார்கள். வீட்டுக் கார்களில் டிஸ்க் நிஜமாக வளைவது அபூர்வம்.

மைக்ரோமீட்டர் இல்லாதவர்கள் வெர்னியரால் அளக்கும்போது டிஸ்க் ஓரத்தில் தேயாமல் நிற்கும் வரம்பின் மேல் தாடை உட்கார்ந்து, தடிமனை அதிகமாகக் காட்டும். ஒரே மாதிரி இரண்டு நாணயத்தை வரம்புக்கு உள்ளே இரு பக்கமும் வைத்து, அதன்மேல் அளந்து, இரு நாணயத்தின் தடிமனைக் கழித்தால் சரியான எண் கிடைக்கும். குறைந்தபட்சத் தடிமன் தாங்குமா என்று பார்க்க இது போதும். 0.02 வித்தியாசம் பிடிக்க இது உதவாது.

அடுத்து ஆட்டம். சக்கரம் இல்லாததால் டிஸ்க்கைத் தடித்த வாஷர் போட்டு நான்கு வீல் நட்டாலும் சமமாக இறுக்கி, நுண்ணிய அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜைக் காந்த ஸ்டாண்டில், டிஸ்க்கோடு சுற்றாத நக்கிளில் நிறுத்தி, டிஸ்க்கை மெல்லச் சுற்றினால் முள் எவ்வளவு ஆடுகிறது என்று தெரியும். டயல் கேஜ் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. தெரிந்த லேத் பட்டறையில் ஒரு நாளுக்கு இரவல் கிடைக்கும். இடப்பக்கம் 0.14 மி.மீ. வலப்பக்கம் 0.06. பெரும்பாலான கார்களுக்கு அனுமதி 0.05 முதல் 0.10-க்குள்.

ஆட்டம் டிஸ்க்கினுடையதா, அது உட்காரும் ஹப்பினுடையதா? டிஸ்க்கில் முள் அதிகம் ஏறும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. அதற்கு நேர் உள்ள, வீல் நட் ஏறும் ஸ்டட்டிலும் ஒரு புள்ளி. டிஸ்க்கைக் கழற்றி ஒரு துளை தள்ளி, அதாவது கால் சுற்று திருப்பி மாட்டி, மறுபடி அளக்க வேண்டும். உச்சம் டிஸ்க் கோட்டோடு நகர்ந்தால் குற்றம் டிஸ்க்கில். நகராமல் ஸ்டட் புள்ளியிலேயே நின்றால் குற்றம் ஹப்பில். இங்கே புள்ளியிலேயே நின்றது.

டிஸ்க் கழன்றதும் காரணம் கண்ணுக்கே தெரிந்தது. ஹப்பின் முகத்தில் ஒரு ஓரமாகப் பழைய துரு அடையாக ஏறி நின்றது. லேத்தில் கடைந்த டிஸ்க் லேத்தில் நேராக இருந்தது. இந்த அடையின் மேல் உட்கார்ந்ததும் சாய்ந்துவிட்டது. ஹப்பின் விட்டம் டிஸ்க்கின் விட்டத்தில் பாதிக்குச் சற்று அதிகம். எனவே ஹப் ஓரத்தில் 0.05 மி.மீ. துரு இருந்தாலும் டிஸ்க் விளிம்பில் அது 0.09 ஆகப் பெருகும். சாய்ந்த டிஸ்க், பிரேக் பிடிக்காத நேரத்திலும் சுற்றுக்கு ஒரு முறை பேட்டைத் தொட்டுத் தொட்டு ஒரே இடத்தில் தேயும். சில ஆயிரம் கி.மீ.யில் தடிமன் மாறிவிடும். லேத் வேலை முடிந்த உடனே வராமல் ஏழு வாரம் கழித்து நடுக்கம் வந்ததும் இதனால்தான். அதற்குள் யாருக்கும் லேத்தையும் நடுக்கத்தையும் முடிச்சுப் போடத் தோன்றாது.

ஹப்பை வயர் பிரஷால் தேய்த்து, 80-ஆம் எண் உப்புத்தாள், பிறகு 120. ஸ்டட்டைச் சுற்றியுள்ள மூலைகளில் பிரஷ் போகாது. அங்கேதான் அடை மிஞ்சும். உப்புத்தாளைச் சிறு வட்டமாக வெட்டி நடுவில் துளையிட்டு, ஸ்டட்டில் கோத்து, சாக்கெட்டால் அழுத்தித் திருகினால் அந்த இடமும் சுத்தமாகும். பழைய டிஸ்க்கையே மறுபடி மாட்டி அளந்தபோது 0.14 என்பது 0.05 ஆனது. வேறு எதையும் மாற்றவில்லை.

கடைவதா, மாற்றுவதா

டிஸ்க்கின் நடுக்கிண்ணத்தின் ஓரத்திலோ உள்பக்கத்திலோ குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். இதில் 15 மி.மீ.; புதிதில் 17. இடப்பக்கம் மிச்சம் 0.30. தடிமன் வித்தியாசத்தைக் கடைந்து எடுக்கப் பக்கத்துக்கு 0.10 என்றாலும் 15.10-க்கு வந்து நிற்கும். இன்று சட்டப்படி சரி, ஆனால் அடுத்த பேட் செட் தேய்வதற்குள் 15-க்குக் கீழே போய்விடும். மெலிந்த டிஸ்க் சூட்டை விழுங்காது, பிஸ்டனும் அளவுக்கு மீறி வெளியே வர வேண்டியிருக்கும். வலப்பக்கம் 0.52 மிச்சம் இருந்தாலும் ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது என்றால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஜோடியாக மாற்ற முடிவானது.

மேடு அரை மி.மீ.க்குள், விரிசல் இல்லை, கடைந்த பின்னும் குறைந்தபட்சத்துக்கு மேல் அரை மி.மீ. நிற்கும் என்றால் கடைவது லாபம். ஸ்டட் துளையிலிருந்தோ, விளிம்பை எட்டும்படியோ விரிசல் தெரிந்தால் பேச்சே இல்லை. சக்கர இடுக்கு வழியே பார்த்து டிஸ்க் பளபளக்கிறது என்று நம்பவும் கூடாது. தெரிவது வெளிமுகம் மட்டும். உள்முகத்தை டார்ச்சும் கைக்கண்ணாடியும் வைத்துப் பார்க்க வேண்டும். இந்த வண்டியின் இட டிஸ்க்கில் உள்முகத்தின் வெளி ஓரம் துருப் பட்டையாக இருந்தது. அந்த அகலத்துக்குப் பேட் தொடவே இல்லை. கேப்பர் மலை ஏற்றத்தை விட்டால் இந்தப் பக்கம் மேடு பள்ளமே கிடையாது. பிரேக் சூடாகும் அளவுக்கு வேலையே வருவதில்லை. மெல்ல மெல்ல மிதித்து ஓட்டுகிற வண்டியில் துருவைச் சுரண்டி எடுக்கும் அழுத்தம் கிடைக்காது. மலைப்பாதை டிஸ்க் தேய்ந்து சாகும். கடலோர டிஸ்க் துருவேறிச் சாகும்.

ஒட்டிக்கொண்டு வராத டிஸ்க்கைச் சுத்தியலால் முகத்தில் அடிக்கக் கூடாது, அதைத் தூக்கிப் போடப் போவதாக இருந்தாலும். அடி பேரிங்குக்குப் போகும். பல டிஸ்க்குகளில் கிண்ணத்தில் இரண்டு எம்8 மரையிட்ட துளை இருக்கும். இரண்டிலும் எம்8 போல்ட் போட்டு, மாற்றி மாற்றி அரைச் சுற்றாக இறுக்கினால் தானாகக் கழன்று வரும்.

பேட் வாங்கும்போது ஒரு சொல். பிரேக் பாகங்கள் செய்ய, சென்னை பாடியில் 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா இருக்கிறது. ரானேயின் பிரேக் லைனிங் ஆலை புதுச்சேரியிலேயே இருக்கிறது. நல்ல சரக்கு கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும் ஊரில், பில் இல்லாமல் பாதி விலைக்குத் தரப்படும் பெட்டியை வாங்குவதற்கு நியாயமே இல்லை.

திரும்பப் பூட்டும்போது

புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசி வரும். பிரேக் கிளீனரால் இரண்டு முறை துடைக்க வேண்டும். இல்லையென்றால் சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவி உடனே உலர்த்தலாம். ஹப்பின் நடு வளையத்தில் மட்டும் விரலால் மெல்லிசாக, துருவேறி ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டிசீஸ் பசை. டிஸ்க் உட்காரும் முகத்தில் எதையும் பூசக் கூடாது. மாட்டியதும் மறுபடி டயல் கேஜ்: இடம் 0.03, வலம் 0.04.

பிராக்கெட்டில் பேட் காதுகள் நழுவும் இடத்தில் எஃகுக் கிளிப் இருக்கும். அதற்கு அடியில் துரு பொங்கிக் கிளிப்பைத் தூக்கும், பேட் இறுகிக்கொள்ளும். புதுப் பேட் உள்ளே போக மறுக்கிறது என்று பேட்டின் காதை அரத்தால் ராவுகிறவர்கள் இருக்கிறார்கள். ராவ வேண்டியது பிராக்கெட்டின் துருவை. கிளிப் புதிது போட்டபின் பேட் கைவிரலால் தள்ளினால் நழுவ வேண்டும், ஆனால் லொடலொடக்கக் கூடாது. பேட்டின் காதுகளிலும், முதுகில் பிஸ்டனும் காலிப்பர் விரல்களும் தொடும் இடத்திலும் பிரேக் கிரீஸை மெல்லிசாகப் பூச வேண்டும். பேட்டோடு வரும் ஷிம் தகட்டை "எதுக்கு இது" என்று கழற்றி எறியாதீர்கள். அதிர்வை விழுங்குவது அதுதான். பேட்டின் ஓரங்களை அரத்தால் சாய்வாக ராவுவது கீச்சைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் பின், கிளிப், ஹப் மூன்றும் சரியாக இருந்தும் கத்தினால் மட்டுமே அதைத் தொட வேண்டும்.

பிஸ்டனை உள்ளே தள்ளுவதற்கு முன் ரிசர்வாயரில் இருந்து கொஞ்சம் பிரேக் ஆயிலைச் சிரிஞ்சால் எடுத்துவிட வேண்டும். இல்லையேல் பொங்கி வழியும்; பெயின்டில் பட்டால் உரியும், உடனே தண்ணீர் ஊற்ற வேண்டும். பழைய பேட்டைப் பிஸ்டன்மேல் வைத்து சி-கிளாம்ப்பால் மெல்லத் திருகினால் சீராக உள்ளே போகும். இங்கே போயிற்று. போகாவிட்டால் ஏர் எடுக்கும் நிப்பிளைத் தளர்த்திப் பார்க்கலாம்: அப்போது சுலபமாகப் போனால் ஹோஸ் உள்ளே அடைத்திருக்கிறது, அப்போதும் போகாவிட்டால் பிஸ்டன் துருப்பிடித்திருக்கிறது. இரண்டுமே வாசலில் செய்யும் வேலை அல்ல. பிஸ்டன் ரப்பர் ஓரம் ஈரமாக இருந்தாலும், மிதித்துப் பிடித்த பெடல் மெல்லக் கீழே இறங்கினாலும் அப்படித்தான்.

பிரேக் ஆயில் நான்கு வருடமாக மாற்றப்படவில்லை. இதுவும் காற்றின் ஈரத்தைக் குடிக்கும் திரவம். டாட் 4 வகை ஆயில் புதிதில் 230 டிகிரி செல்சியசுக்குக் குறையாமல் கொதிக்க வேண்டும், ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை என்ற கணக்கைக் கடலோரத்தில் தள்ளிப்போட இடமில்லை. அரை லிட்டர் டாட் 4 வாங்கி, நான்கு சக்கரத்திலும் பழையதை வெளியேற்றி மாற்றப்பட்டது.

வீல் நட்டுகளைக் குறுக்கு வரிசையில், டார்க் ஸ்பானரால். சின்னக் கார்களில் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் வரும். சரியான எண் வண்டிப் புத்தகத்தில் இருக்கும். காலால் ஏறி மிதித்து இறுக்கினால் டிஸ்க் சமமாக உட்காராது, மறுபடி ஆட்டம் தொடங்கும். 100 கி.மீ. ஓடியபின் ஒரு முறை சரிபார்க்க வேண்டும்.

வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன் பெடலைக் கெட்டியாகும்வரை பத்துப் பதினைந்து முறை மிதிக்க வேண்டும். பிஸ்டன் உள்ளே இருக்கிறது. முதல் மிதிக்குப் பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. பேட் மாற்றிய அன்று கேட்டில் இடித்த வண்டிகளின் கணக்கு எந்த ஊரிலும் குறைவில்லை.

பிறகு பேட்டைப் பழக்குதல். விடியற்காலை ஐந்து மணிக்கு, பின்னால் வண்டி வராத நேரான சாலையில், 60-லிருந்து 20 வரை மிதமான அழுத்தத்தில் பத்து முறை, இடையே அரை நிமிடம் ஓட்டம். முழுதாக நிறுத்தவே கூடாது. முடிந்ததும் பத்து நிமிடம் பிரேக் தொடாமல் ஓட்டி ஆற விட வேண்டும். சூடாக இருக்கும்போது நிறுத்திப் பெடலை அழுத்திக்கொண்டு நின்றால் பேட்டின் அச்சு டிஸ்க்கில் பதியும். சுற்றுக்கு ஒரு முறை பிடிக்கும்.

செலவு: டிஸ்க் ஜோடி 3,800, பேட் 1,350, பின்-பூட் கிட் 480, சிலிகான் கிரீஸ் 150, பிரேக் கிளீனர் 320, பிரேக் ஆயில் 260. மொத்தம் 6,360 ரூபாய். நேரம், இரண்டு பேருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஜனவரியிலேயே பின்னைக் கழற்றிப் பார்த்திருந்தால் பின்-பூட் கிட், கிரீஸ், பேட் என்று 1,980-இல் முடிந்திருக்கும். பழைய டிஸ்க் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

செப்டம்பரில்

3,400 கி.மீ. கழித்து மறுபடி கழற்றியபோது இடப்பக்கப் பேட் நான்கு முனையும் 9.0-க்கும் 9.2-க்கும் நடுவே. டிஸ்க் தடிமன் வித்தியாசம் 0.01-க்குள். இரண்டு பின்னும் விரலுக்கு நழுவின. ஸ்டீயரிங் நடுக்கம் இல்லை. பனி பெய்த காலையில் தெருமுனை வரை இரண்டு மிதிக்குக் கர்ர் என்கிறது. அதை அப்படியே விட்டாயிற்று.

மாறியது வண்டி நிற்கும் முறைதான். கழுவுவது இப்போது நல்ல தண்ணீரில், கழுவியதும் தெருவை ஒரு சுற்று சுற்றி ஐந்தாறு முறை பிரேக் பிடித்து உலர்த்திய பிறகே நிறுத்தம். மழை நாளில் ஹேண்ட் பிரேக் போடுவதில்லை, ஈரத்தில் பின்சக்கரப் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வைப்பது. ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் ஒரு முறை, தை பிறந்ததும் ஒரு முறை, நான்கு ரப்பர் பூட்களையும் டார்ச் அடித்துப் பார்ப்பதற்குச் சக்கரத்தைக் கழற்றக்கூட வேண்டியதில்லை. ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பினாலே தெரியும்.